ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது

பத்திர ஆபீஸ் வாசலில் இன்ஜினியர் தயாபரன் நட்டுவைத்த பலகையில் ‘பழமை மாறாமல் புதுப்பிக்கும் பணி’ என்று எழுதியிருந்ததே தவிர, மாறாத பழமை எங்கே போய் உட்காரும் என்று எழுதியிருக்கவில்லை. அதனால் வெள்ளங்குறிச்சியில் யாரும் அதைப் பற்றி யோசிக்கவுமில்லை. வெள்ளைக்காரன் கட்டி நூற்று முப்பத்தைந்து வருஷமான அந்தச் செங்கல் கட்டடத்துக்கு ஏசி வரப்போகிறது, கண்ணாடிக் கதவு வரப்போகிறது, ‘டோக்கன் எண் பதினேழு, கவுண்டர் எண் இரண்டு’ என்று பொம்பளைக் குரலில் மெஷினே கூப்பிடப்போகிறது என்ற சந்தோஷத்திலேயே ஊர் மிதந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மிக்கேல் கொத்தனார் வாசலில் நின்ற ஆறு தூண்களில் முதல் தூணைச் சுரண்டத் தொடங்கினார். பழைய சுண்ணாம்புக் காரை அப்பளம் அப்பளமாய் உதிர்ந்தது. அதே நேரத்தில் உள்ளே பரோட்டாக் கடை மகராசன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாங்கிய மனைக்குப் பத்திரம் பதிந்துகொண்டிருந்தார். பத்திரம் எழுதியவர் என் அப்பா ஆவுடையப்பன், முப்பது வருஷமாய் எல்லாப் பத்திரத்துக்கும் எந்தக் கடைசி வரியை எழுதுவாரோ அதே வரியைத்தான் இதற்கும் எழுதியிருந்தார். தூண் முழுக்கச் சுரண்டி முடிந்தபோது மகராசன் மீசை நரைத்து, முன்மண்டை வழுக்கி, கையிலிருந்த காகிதத்தை எட்டத்தில் நீட்டிவைத்துப் படிக்கிற வயசுக்காரராய் வெளியே வந்தார்.

“என்னவே ஆவுடையப்பன், உள்ள போகும்போது எனக்கு நாப்பத்தொண்ணு. வெளிய வரும்போது அம்பது. என்ன எழவுப் பத்திரம்வே எழுதுனீரு?”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாய்க் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “நீரே படிச்சுப் பாரும். ‘இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ ஆண்டுன்னு போட்டிருக்கா? ஒம்பது ஆண்டு வந்திருக்கா? அனுபவிக்க வேண்டியதுதான?”

“அது ஆளுதோம்லா, அந்த ஆண்டுவே!”

“அது எனக்குத் தெரியும், ஒமக்குத் தெரியும். கட்டடத்துக்குத் தெரியுமா?”

மகராசன் கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்திரத்தில் ஒட்டிய போட்டோவில் இருப்பவன் வாலிபனாய் இருக்கிறானே, நாளைக்கு வில்லங்கம் வந்தால் என்ன செய்வது என்று அதைப் பற்றித்தான் கவலைப்பட்டார். வேறு போட்டோ ஒட்டிக் கொடுத்ததும் கடையைத் திறக்கப் போய்விட்டார். இன்ஜினியர் தயாபரனோ மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற ஆள்: “லுக் சார், எஸ்டிமேட்ல க்ளியரா இருக்கு, பழமை மாறாமல்! டோட்டல் மாறக் கூடாது. பில்டிங்ல குறைஞ்சா வேற எங்கயாச்சும் ஏறித்தான் ஆகணும். சிம்பிள் சயின்ஸ்.”

நான் கோமு. பதினாறு வயசு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டுகிற வேலை, பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கு. விற்கிறவர் பகுதியை விற்கிறவர் குரலிலும், வாங்குகிறவர் பகுதியை வாங்குகிறவர் குரலிலும் வாசிப்பேன். எதிரே இருப்பவர் தன் வாயே தனக்கு எதிரில் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கும்போது அப்பா ரேகையை உருட்டி வாங்கிவிடுவார். மகராசன் நரைத்த அன்று சாயங்காலமே நான் கிழட்டு மகராசன் குரலைப் பிடித்துவிட்டேன், அடித்தொண்டையில் கொஞ்சம் சளி சேர்த்தால் போதும்.

இரண்டு நாள் பத்திர ஆபீஸ் பக்கம் காக்காய்கூட வரவில்லை. மூன்றாம் நாள், தேவைப்பட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். முதியோர் பென்ஷனுக்கு மூன்று வயசு குறைகிறது என்று நாலு தடவை திருப்பி அனுப்பப்பட்ட தையல்காரர் வந்து மூன்று ஆண்டு எழுதி வாங்கிக்கொண்டார், லைசென்சுக்கு ஒரு வயசு பற்றாத மெக்கானிக் கடைப் பையன் ஒன்று வாங்கிக்கொண்டான், புருஷனைவிட ஐந்து வயசு மூத்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு வாங்கிய டீச்சர் புருஷனைக் காதைப் பிடிக்காத குறையாய் இழுத்துவந்து அவர் பேருக்கு ஐந்து ஆண்டு எழுதவைத்தார், ‘நம்ம பேச்சை எவனும் மதிக்க மாட்டக்கான்’ என்று புலம்பிய வட்டச் செயலாளர் ஒரு தூண் முழுசும் தனக்கே வேண்டும் என்று கேட்டு, வெள்ளைத் தலையோடு மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார், ஒரு மாமியார் மருமகளுக்குச் சீர்வரிசையோடு ஏழு ஆண்டு கொடுத்தனுப்பி ஊரே பார்க்கச் சிரித்தாள். அப்பா இதற்கென்று தனி நமூனாவே உண்டாக்கி ‘வயது ஏற்புப் பத்திரம்’ என்று பெயர் வைத்தார். இப்படியாக ஆறு தூணும், கல் பாவிய தரையும் ஒரு மாசத்துக்குள் வழவழவென்று ஆகிவிட்டன, ஊரும் கொஞ்சம் பழுத்து, கொஞ்சம் நரைத்து, அதற்கும் பழகிவிட்டது.

மிச்சம் இருந்தது முகப்பு, கடிகாரம் வைத்த முன்சுவர்.

“ஃப்ரண்ட் எலிவேஷன் ஒரே பீஸ்,” என்றார் தயாபரன். “பிச்சுப் பிச்சுச் சுரண்டினா விரிசல் விட்டுரும். அறுபத்தொரு ஆண்டு. ஒரே ஆள் தலைல இறக்கணும். வெள்ளிக்கிழமை அமைச்சர் வர்றார்.”

அன்று புதன்கிழமை. ஆபீஸ் வராந்தாவில் ஊர்க்கூட்டம் கூடியது. சாகக் கிடக்கிற பெரிய வீட்டு ஐயா பேருக்கு எழுதிவிடலாமே என்று ஒருவர் சொல்ல, அப்பா தலையை ஆட்டினார்: எண்பது வயசுக்காரர் தலையில் அறுபத்தொன்றை இறக்கினால் அந்த நிமிஷமே ஆள் போய்விடுவார், முத்திரை காய்வதற்குள் ஏற்றுக்கொண்டவர் செத்தால் ஏற்புப் பத்திரம் செல்லாது, அத்தனையும் திரும்பிவந்து சுவரில் ஏறிக்கொள்ளும். ஆகவே வாலிபமான ஆள் வேண்டும், திடமான ஆள் வேண்டும், பின்னால் வந்து ‘யாரைக் கேட்டுடே எழுதுனீய’ என்று கேட்க நாதியில்லாத ஆள் வேண்டும். எல்லோரும் அவரவர் பிள்ளைகளை மனசுக்குள் எண்ணி ஒளித்துவைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அப்போது வராந்தாக் கோடியிலிருந்து விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. சரக், சரக். ஒவ்வொரு தலையாய் அந்தப் பக்கம் திரும்பியது.

தவசிக்கனிக்கு முப்பத்தொரு வயசு. ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த பிள்ளையை ஆபீஸ் வாட்ச்மேன் எடுத்து வளர்த்தார், அவரும் போய்ச்சேர்ந்த பிறகு ஆபீஸைப் பெருக்கி, தண்ணீர் எடுத்துவைத்து, பின்கட்டு அறையிலேயே இருந்தாள். அவளுக்குத் திக்குவாய். ஒரு வார்த்தை புறப்பட்டு வெளியே வருவதற்குள் பஸ் ஒன்று வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும், அதனால் வெள்ளங்குறிச்சியில் யாரும் அவளைப் பேசிமுடிக்க விட்டதில்லை. அவள் “த... த...” என்றால் “தண்ணியா? கொண்டா” என்பார்கள், “ப... ப...” என்றால் “பசிக்கா? போய்ச் சாப்பிடு” என்பார்கள், அவள் சொல்லவந்தது தலைவலியாகவும் பல்வலியாகவும் இருந்திருக்கலாம், ஆனால் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள். முப்பத்தொரு வருஷம் அவள் ஊர் முடித்துவைத்த வாக்கியங்களிலேயே வாழ்ந்திருந்தாள். மிக்கேல் கொத்தனார் ஒருத்தர்தான் காத்திருந்தார். சாரத்தின் மேல் காரை பூசுகிற கரணையை மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டபடி, கீழே நின்று அவள் ஒரு வாக்கியத்தை முழுசாய் ஏற்றி முடிக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார், கலந்துவைத்த சுண்ணாம்பு இறுகிப்போனாலும் சரி. அப்படி அவள் சொல்லி முடித்த ஒரு வாக்கியத்தால்தான் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி.

“அவ கட்டடத்தோட சேந்தவதான,” என்றார் வட்டச் செயலாளர், வெள்ளைத் தலையைத் தடவிக்கொண்டு. இப்போது அவர் பேச்சை எல்லோரும் மதித்தார்கள். “கட்டடத்து வயசு கட்டடத்துக்குள்ளேயே இருந்துட்டுப் போகுது. இதுல பாவம் எங்க இருக்கு?”

“கல்யாணம் ஆகப்போற பிள்ளடே,” என்று மகராசன் மட்டும் மெல்லச் சொன்னார்.

“அப்போ ஒம்ம மகளைக் கூட்டிட்டு வாரும்,” என்றதும் அவருக்குக் கடையில் மாவு புளிக்கிற ஞாபகம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் சுண்ணாம்பில் சேர்க்கக் கடுக்காய் வாங்கிவரச் சொல்லி மிக்கேலைச் செங்கோட்டைக்கு அனுப்பினார்கள். தவசிக்கனியிடம் வேலை நிரந்தரம் ஆகிறது, கையெழுத்துப் போட வா என்றார்கள். அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்கு எடுத்திருந்த இரண்டு சேலையில் குறைந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சார்பதிவாளர் பிரேமலீலா மேடம் புத்தம்புதுக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தார். அவர் சட்டப்புத்தகம் மாதிரிதான் பேசுவார், ஆட்களைத் திரையில்தான் பார்ப்பார். வெளியே சாரத்தில் ஆட்கள் சுரண்டியோடு தயாராய் நின்றார்கள். விதிப்படி பத்திரத்தை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், அப்பா எழுதியதிலேயே அழகான பத்திரம் அதுதான்:

“இதனடியில் கண்ட அறுபத்தொரு ஆண்டுகளுக்கு எல்லை விவரமாவது: வடக்கே கல்யாணம், தெற்கே பிள்ளைப்பேறு, கிழக்கே பல், மேற்கே கண்பார்வை, இந்நான்கெல்லைக்குட்பட்டது பூராவும், மேற்படி தவசிக்கனியாகிய நீயே இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதில் இனி நமக்கோ நமது வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.”

பிள்ளைப்பேறு வரும்போதே அவள் முகம் மாறிவிட்டது. திக்குவாய்க்காரிக்குக் காது ரொம்பக் கூர்மை.

“மேற்கண்டவற்றை ஏற்றுக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?” என்றார் மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே. “பதிவு ஓடுகிறது. மைக்கைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.”

“ம...” என்றாள் தவசிக்கனி. “ம... ம... ம...”

கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. அறையே அவள் வாக்கியத்தை முடித்துவைக்க முன்னால் சாய்ந்தது. தயாபரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா பேனாவால் மேசையைத் தட்டினார். அந்த ‘ம’வுக்குப் பின்னால் என்ன நின்றுகொண்டிருந்தது என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது என் நாக்கு சும்மா இருக்குமா? அவள் தோளுக்குப் பின்னால் நின்றபடி, அவள் குரலில், அவள் திக்கோடு, கடைசியில் கொஞ்சம் வெட்கமும் சேர்த்துச் சொன்னேன்:

“ம... ம... மனசாரச் சம்மதம்.”

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. தயாபரன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அப்பா “ஏட்டி, சவத்து மூதி!” என்று வாயால் திட்டிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. குரல் பதிவானதா என்று பார்த்தார், பதிவாகியிருந்தது, பொத்தானை அழுத்தினார், முத்திரை விழுந்தது, வெளியே முகப்பில் எட்டுச் சுரண்டிகள் ஒன்றாய் இறங்கின.

காரை விழுந்துகொண்டே இருந்தது. விழ விழ அவள் எண்ணெய் வைத்த தலை சாம்பலாகி, வெள்ளையாகி, மேல்மண்டை தெரிந்தது, முதுகு மெல்ல மெல்ல மேசை உயரத்துக்கு இறங்கிவந்தது, பற்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று உள்ளங்கையில் விழ அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் முடிந்துகொண்டாள், கட்டியிருந்த சேலை இரண்டு சுற்றுப் பெரிதாகிப் போனது. தூசி அடங்கியதும் அவள் நிமிர்ந்து, தெளிவாய், ஒரு திக்கும் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாய் முழுசாய் ஒரே மூச்சில் சொன்னாள்.

“மாட்டேன்.”

தூணின் முனைகள் தேய்வதுபோல அறுபத்தொரு வருஷத்தில் அவள் திக்கும் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் முத்திரை காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து, முகப்பை அண்ணாந்து பார்த்து, “நேற்றுக் கட்டியது போல இருக்கிறதே!” என்று வியந்தார், ஊர் கைதட்டியது. சனிக்கிழமை மிக்கேல் இரண்டு மூட்டைக் கடுக்காயோடு வந்து பின்கட்டுக் கதவைத் தட்டினார்.

“ஆச்சி, இங்க தவசின்னு ஒரு பிள்ள இருக்குமே, எங்க?”

“நாந்தான் தவசி. வாரும், உக்காரும்.”

“ஆச்சி, வெளையாடாதீய. நான் ராவெல்லாம் பஸ்ல வந்திருக்கேன்.”

“வெளையாடலய்யா. கட்டடத்து வயசை எந் தலைல எழுதிட்டாவ. நீரு சாரத்துல உக்காந்து எம் பேச்சைக் கேட்டீரே, அந்தத் தவசி நாந்தான்.”

அவர் முகம் கல்லாகிவிட்டது. “எந் தவசிக்கு இத்தனை வார்த்தை சொல்ல அரை மணி நேரம் ஆகும்,” என்றார். “அவகிட்ட கேட்ட கதையை வச்சுக்கிட்டு என்னை ஏமாத்தாதீய. அவளை எங்க அனுப்பி வச்சிருக்கீய?”

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ஓலையில் பெயர் இருந்தது, பெண் இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தாள். கிழவி நடக்கிற நடைக்குக் கண்ணாடிக் கதவு இரண்டு தடவை திறந்து மூடியது. ஏற்புப் பத்திரத்தை ரத்துசெய்ய வேண்டும் என்றாள். மிக்கேல் ஒரு மூலையில் நின்றார், மூன்று ராவாய்த் தூங்காத கண். ஊர் மொத்தமும் வாசலில் நின்றது, ஏனென்றால் ரத்தானால் முகப்பு விரியும், கடிகாரம் கழன்று விழும், அறுபத்தொரு ஆண்டும் அடுத்த தலையைத் தேடும், அடுத்த தலை யாருடையது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயம் இருந்தது.

“ஏற்றுக்கொண்டவர் நேரில் வந்தால் மட்டுமே ரத்துசெய்ய இயலும்,” என்றார் மேடம். “தாங்கள்தான் தவசிக்கனி என்பதற்கு அத்தாட்சி?”

பெருவிரலை மெஷினில் வைத்தாள். ரேகை தேய்ந்து மழுங்கியிருந்தது, மெஷின் சிவப்பாய் எரிந்தது. ஆதார் படத்தில் இருந்தவளுக்கு முப்பது வயசு. தெரிந்தவர்கள் சாட்சி சொல்லலாம் என்றார் மேடம். “யாரோ வெளியூரு ஆச்சி போலுக்கு,” என்றார் வட்டச் செயலாளர். “பாத்த ஞாபகம் இல்ல,” என்றார் என் அப்பா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. மகராசன் கடையை விட்டு வரவேயில்லை.

“குரல் பதிவு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கலாம்,” என்று மேடம் பொத்தானை அழுத்தினார். புது ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது: ‘ம... ம... மனசாரச் சம்மதம்.’

மிக்கேல் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“அது எங் குரல் இல்லம்மா,” என்றாள் கிழவி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், நிறுத்தாமல், தடுக்காமல், ஒன்றன்பின் ஒன்றாய்: எண்ணெய் வைத்தது, சேலை கட்டியது, வடக்கே கல்யாணம், தெற்கே பிள்ளைப்பேறு, பின்னாலிருந்து வந்த குரல், கையில் விழுந்த பல். அவ்வளவு நல்ல பேச்சை வெள்ளங்குறிச்சி கேட்டதே இல்லை. அதுதான் அவளைக் கெடுத்தது.

“நம்ம தவசிக்கு இம்புட்டுப் பேச்சு வராதே,” என்று யாரோ சொன்னார்கள். “அவ எப்படிப் பேசுவா? ஏட்டி கோமு, நீ பேசிக் காட்டு!”

“பேசு கோமு!” “பேசுட்டி!”

எல்லோரும் வழிவிட்டார்கள். நான் நடுவில் போய் நின்றேன். என்ன சொல்லலாம் என்று யோசித்து, அவள் சாரத்துக்குக் கீழே நின்று மிக்கேலிடம் சொன்னாளே, அதையே எடுத்தேன், நான்தான் மறைந்து நின்று கேட்டிருந்தேனே. கழுத்தை லேசாய்ச் சாய்த்து, முந்தானை நுனியை விரலில் சுற்றி, ஒவ்வொரு எழுத்தையும் மலை ஏற்றுவதுபோல ஏற்றினேன்.

“எ... எ... எனக்கு உ... உம்மள... பு... புடிச்சிருக்கு.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு கச்சிதம். மிக்கேல் மூலையிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னார்: “இதான்! இதான் எந் தவசி!”

“ஆள் அடையாளம் மெய்ப்பிக்கப்படவில்லை,” என்று வாசித்தபடியே மேடம் தட்டச்சு செய்தார். மெஷின் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது. ஊர் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. மிக்கேல் கரணையைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளைத் தேட பஸ் ஏறினார், தெற்கேயா வடக்கேயா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அப்பா என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கிழவி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தாண்டிப் போகும்போது என் கையைப் பிடித்தாள். அறைவாள் என்று நினைத்துத் தலையைப் பின்னால் இழுத்தேன்.

“நல்லாப் பேசுத பிள்ள,” என்றாள். “இன்னும் ஒருக்க பேசு. அது எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துட்டு.”

சுற்றிலும் கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் பேசினேன். எ... எ... என்று நான் ஏற ஏற, அவள் கண்ணை மூடிக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்து, என் பின்னாலேயே திக்கிப் பார்த்தாள். வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வார்த்தை தடுக்காமல் முழுசாய் வந்து விழுந்துகொண்டே இருந்தது.